பல் பிடுங்குமுன் பதிந்த தோடி

பாட்டு கேட்கக் கேட்கத் தேயும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். கேசட் காலத்தில் அப்படி நம்பியிருந்தால் அதில் நியாயம் உண்டு. நாடாவை உரசி உரசித் துகள் உதிரும், பாடகருக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும். நான் நம்பியது இப்போது, ஆடு மேய்க்கிறவர் பையிலும் போன் இருக்கிற இந்தக் காலத்தில். நாடாவே கிடையாத, உள்ளே சுற்றுகிற சாமான் ஒன்றுகூட இல்லாத ஒரு டிஜிட்டல் பதிவுக் கருவியைப் பார்த்து, இதில் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் பாட்டு ஒரு சுற்று இளைக்கும் என்று நம்பினேன். நம்பிவிட்டுச் சும்மா இருந்தேனா? இன்னொருவனையும் நம்பவைத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

தொழிலும் ஒரு காரணம். திண்டுக்கல்லில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. நெய்க்காரப்பட்டியிலிருந்து எரியோடு வரைக்கும் எந்தத் தோட்டத்து மோட்டார் கருகினாலும் ஏதாவது ஒரு வண்டியில் ஏறி என் வாசலுக்கு வந்துவிடும். புஷ் தேயும், பேரிங் தேயும், ஷாஃப்ட் தேயும். தேயாதது ஒன்றே ஒன்றுதான்: கரிக்கட்டையாகிப்போன மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு, “நேத்து சாயங்காலம் வரைக்கும் கும்முன்னு ஓடுச்சுண்ணே” என்று சொல்கிற தோட்டத்துச் சம்சாரியின் முகம். இப்படித் தேய்மானத்திலேயே சோறு தின்கிறவனிடம் வந்து, தேயாத சத்தம் என்று ஒன்று இருக்கிறது என்றால் எப்படி நம்புவான்?

விஷயம் என் மனைவியின் தம்பியைப் பற்றியது. அவன் நாதஸ்வரம் வாசிக்கிறவன். எரியோடு, வேடசந்தூர் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பிடு எதுவானாலும் அவன் நாயனம்தான். முகூர்த்த மாதங்களில் அவனை வீட்டில் பார்ப்பது அபூர்வம். மூச்சு கெட்டி. விரல் சுத்தம். வாய்தான் நாசம். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டு மேல்வரிசை முன்பற்கள் அத்தனையும் ஆட ஆரம்பித்திருந்தன. ஈறு வீங்கி, அழுத்தினால் சீழ் வரும். அவனே அழுத்திக் காட்டுவான். சாப்பிடும் நேரம் பார்த்துத்தான் காட்டுவான். அவன் பேச வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர்கள் மரியாதைக்கு அரையடி பின்னால் போவார்கள். நான் அக்காள் புருஷன். உரிமையோடு நாலடி போவேன்.

பல் டாக்டர் பார்த்துவிட்டு, மேல்வரிசை முழுக்க எடுத்துவிட வேண்டும், ஈறு ஆறியதும் பல்செட் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மத்தியானம் நேராக என் கடைக்கு வந்தான். பக்கத்தில் கிடந்த மோட்டார் கூட்டின்மேல் உட்கார்ந்தான்.

“மச்சான், சோறு திங்க முடியாதேன்னு நான் கவலைப்படல. மூணு வேளையும் கஞ்சி குடிச்சிக்கிருவேன். என் சத்தம் போயிருமே.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகுதான் சொன்னான். நாயனத்தின் நுனியில் சொருகியிருக்கிற சீவாளியை உதட்டால் கவ்வித்தான் ஊதவேண்டும். உதட்டுக்குப் பின்னால் பல் முட்டுக்கொடுத்து நிற்கும். முட்டு போனால் உதடு உள்ளே மடங்கும், பிடி தளரும், சத்தம் வேறாகிவிடும்.

“பல்செட்டு போட்டுக்கிட்டு வாசிக்கிறவுக இருக்காக. சாதகம் பண்ணினா வந்திரும். ஆனா எது வரணும்னு தெரியணுமுல்ல? இன்னைக்கு இருக்கிற சத்தத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டா, அதைக் கேட்டுக் கேட்டு, அது மாதிரி வர்ற வரைக்கும் ஊதுவேன். இல்லாட்டி எது என் சத்தம்னு எனக்கே மறந்துபோகும் மச்சான்.”

அவன் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியிருக்கும், அந்த நேரம் அவன் வாயிலிருந்து காற்று என் பக்கம் அடிக்காமல் இருந்திருந்தால்.

போனில் பிடித்துப் பார்த்தோம். நாயனச் சத்தம் கேட்டதும் போன் மிரண்டுவிட்டது. அதன் புத்திக்கு எட்டியவரை மனுஷன் பேசுவது பேச்சு, மற்றதெல்லாம் இரைச்சல். ஆகவே நாயனத்தைக் கழுத்தைப் பிடித்து அமுக்கிவிட்டு, தெருவில் போன தக்காளி வண்டிக்காரர் குரலைத் தெள்ளத்தெளிவாகப் பதிந்து கொடுத்தது. “தக்காளி நல்லா வந்திருக்கு மச்சான்” என்றான் மச்சினன், சிரிக்காமல்.

அப்போதுதான் பாயின் ஞாபகம் வந்தது. பாய் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், தோல் வியாபாரி. அவரிடம் பாட்டுக் கேட்கவும் பதியவும் கையடக்கக் கருவி ஒன்று உண்டு, சவுதியிலிருந்து யாரோ கொண்டுவந்தது. சத்தத்தை எவ்வளவு உள்ளே விடலாம் என்று அதில் நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், தானாக எதையும் அமுக்காது. கேட்டதும் பாய் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“கொண்டு போ பங்காளி. நான் அதைத் தொட்டே வருசக்கணக்காச்சு. உள்ள கெடக்கிறதெல்லாம் பழைய பாட்டு. வச்சுக்கிட்டாலும் சரி, அழிச்சாலும் சரி.”

கையில் வாங்கினேன். வாங்கிய கை அதோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கருவியின் உடம்பு முழுக்க மெத்தென்று ஒரு ரப்பர் பூச்சு. வாங்கிய புதிதில் வழவழவென்று இருந்திருக்கும். திண்டுக்கல் வெயில் அதைக் காய்ச்சிப் பாகாக்கியிருந்தது. கருப்பட்டிப் பாகு என்றால்கூட நக்கலாம். இது எதற்கும் உதவாத பாகு. அதில் கோடவுன் தூசி அப்பியிருந்தது. தூசிக்கு நடுவில் ஒரு ஆட்டு முடி, பொட்டு வைத்த மாதிரி. கூடவே ஒரு இயர்போன். அதன் குமிழில் பாயின் காதுக் குறும்பி மஞ்சளாகக் காய்ந்திருந்தது. நாற்பது வருஷ சிநேகிதம். ஆனாலும் அவருடைய குறும்பியை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்க்காமலே போயிருக்கலாம். கம்ப்யூட்டரில் போட வேண்டிய மென்பொருள் இருக்கிறது என்று ஒரு சிடியையும் கொடுத்தார். அது மட்டும் ஒட்டவில்லை.

பல் பிடுங்குவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தான். வாயில் கிராம்பு. சுருதிப்பெட்டியை முடுக்கிவிட்டான். நான் கருவியை ஒரு பழைய பனியனில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மைக் படம் போட்ட பொத்தானை அமுக்கினேன். தோடியை எடுத்தான். சீவாளியிலிருந்து எச்சில் நூல் நூலாக இறங்கி வேட்டியில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு கேட்டபோது அபாரமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தொண்டை அடைத்தது. அடைத்ததைச் சரிசெய்ய என் மனைவி தட்டில் வைத்திருந்த முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

வாசித்து முடித்து வேட்டி நுனியால் வாயைத் துடைத்தான். “போடுங்க மச்சான், ஒருக்கா கேப்போம்.”

“கூடாது” என்றேன்.

“ஏன்?”

“தேஞ்சிரும்.”

“டிசிட்டல்னு சொன்னீகளே?”

“டிஜிட்டல்னா? தேயாதா? தாமிரக் கம்பின்னு சொல்லித்தான் மோட்டாருக்குப் போடுறோம், கருகாமயா இருக்கு? ஏலே மாப்ளே, நல்லாக் கேட்டுக்க. இதுல ஒவ்வொரு தடவ கேட்கையிலயும் கொஞ்சங் கொஞ்சமா குறையும். பல்செட்டு போட்ட பிறகு உனக்கு முழுசா வேணுமா, பாதி தேஞ்சது வேணுமா?”

யோசித்தான். அக்காள் புருஷன், எலெக்ட்ரிக் தொழிலில் இருக்கிறவன், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான். “அப்ப வேணாம் மச்சான். பத்திரமா வைங்க” என்றான். நான் அதைப் பனியனோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் பல்லைப் பிடுங்கினார்கள்.

ஈறு ஆறுகிற வரைக்கும் அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அந்த நாட்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, நீங்களும் சாப்பிடுகிறவர்கள். கஞ்சியும் மசித்த காய் வெஞ்சனமுமாக அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தைப் பதிந்துவைத்திருந்தால் எந்த நாட்டு ராணுவத்துக்கும் பயன்படும். பிடுங்கிய பற்களை ஒரு சுண்ணாம்பு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். எதற்கடா என்றால், “இத்தனை வருசம் எனக்காக உழைச்சிருக்கு” என்கிறான். டப்பாவை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். செய்தி பார்க்கும்போதெல்லாம் அதுதான் என் கண்ணில் படும்.

பல்செட் வந்தது. முதல் நாள் நாயனத்தை எடுத்து ஊதினான். குக்கர் ஆவி விடுகிற சத்தம். இரண்டாவது மூச்சுக்குப் பல்செட் நழுவி, சீவாளியோடு சேர்ந்து வெளியே எட்டிப்பார்த்தது. அதை ஏதோ ஒரு பசை போட்டு ஒட்டினான். அந்தப் பசைக்கு ஒரு வாடை. இப்படியே வாரக்கணக்கில் மாடியில் உட்கார்ந்து ஊதினான். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் கட்டியது. ஆனால் அவன் முகம் தெளியவில்லை. ஊதி முடித்ததும் என்னைப் பார்ப்பான். “இதுவா மச்சான்? இப்படியா இருந்துச்சு?” எனக்கு என்ன தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. “கிட்டத்தட்ட” என்பேன். கிட்டத்தட்ட என்கிற வார்த்தையைக் கேட்டால் சங்கீதக்காரன் முகம் எப்படிச் சுருங்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எரியோட்டில் ஒரு காதுகுத்துக்கு அவனைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் முடிவாகச் சொன்னான்.

“மச்சான், அதை எடுங்க. கேக்கணும். கேட்டுட்டு, என் சத்தம் வந்திருச்சுன்னா வாரேன்னு சொல்லிவிடுறேன். வரலைன்னா நாயனத்தைத் தொடைச்சு உறையில போட்டுற வேண்டியதுதான்.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எடுத்து அப்படியே அவன் கையில் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தேய்மான சாஸ்திரம் தடுத்தது. முதலில் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்துவிடுவோம், நகலைக் கேட்டுத் தேய்த்துக்கொள்ளட்டும், அசல் அசலாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கினேன். இவ்வளவு முன்யோசனை உள்ள மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடையில் பில் போட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கீபோர்டில் வார்னிஷும் கிரீஸும் அப்பி, எந்த எழுத்து எங்கே என்று விரலுக்கு மட்டும்தான் தெரியும். சிடியைப் போட்டேன். அந்த மென்பொருளை எழுதியவர்கள் எந்தப் பாவத்துக்கு அதை எழுதினார்களோ தெரியாது. முதலில் ஒரு ஒப்பந்தத்தைக் காட்டிச் சம்மதமா என்றது. சம்மதம். அணைத்துவிட்டுத் திரும்பப் போடு என்றது. போட்டேன். பெயரைப் பதிவு செய் என்றது. செய்தேன். பதிவு செய்கிற இடமே இப்போது இல்லை என்றது. பெண் பார்க்கக் கூப்பிட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்ட ஆட்கள் மாதிரி.

அப்புறம் என்னைக் கேட்காமலே கம்ப்யூட்டர் முழுக்கத் துழாவ ஆரம்பித்தது. பாட்டெல்லாம் திரட்டுகிறதாம். என் கம்ப்யூட்டரில் பாட்டு ஏது? இருந்ததெல்லாம் வாட்ஸப்பில் சம்சாரிகள் அனுப்பிய குரல் செய்திகள். எந்த மோட்டார் யாருடையது என்ற தகராறு வரக்கூடாது என்று சேர்த்துவைத்திருந்தேன். அவை அத்தனையையும் பாட்டு என்று நம்பி, வரிசை கட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு இசைத்தட்டுப் படமும் போட்டு அடுக்கியது. பாடகர் யார் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’. அது மட்டும் உண்மை.

கருவியை வயரில் செருகினேன். ஒரு பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் கேட்டது. எனக்குப் புரிந்தவரை: இந்தக் கருவி வேறொரு கம்ப்யூட்டரோடு பழகியது, அதில் உள்ளவற்றை அழித்துவிட்டு உங்கள் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகச் செய்யலாமா?

வேறொரு கம்ப்யூட்டர் என்றால் பாயுடையது. அதில் உள்ளவை என்றால் பாயின் பழைய பாட்டுகள். அழித்தாலும் சரி என்று அவரே சொல்லியாகிவிட்டது. நம் தோடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ‘சரி’யை அமுக்கினேன்.

ஒரு பச்சைக் கோடு சாவகாசமாக ஊர்ந்து மறுமுனைக்குப் போனது. முடிந்தது என்றது. கருவிக்குள் இருப்பதைத் திறந்து பார்த்தேன். தோடி இல்லை. பாயின் பாட்டுகளும் இல்லை. முதலில் இருந்ததை அமுக்கினேன்.

கர்ர்ர் என்று ஒருவர் நெஞ்சுச் சளியைத் திரட்டினார். தூ என்று துப்பினார். “ஏனுங்க, கீரனூர்ல இருந்து பேசறனுங்க. மோட்டாரு ஆயிருச்சுங்களா?”

அடுத்தது. “அண்ணே, மாட்டுக்குத் தண்ணியில்லண்ணே.”

அடுத்தது. ஒன்றும் பேசாமல் ஒருவர் மூச்சு மட்டும் விட்டார். நன்றாக நீளமாக விட்டார்.

மச்சினன் பல்லைப் பிடுங்கிப் போட்டாகிவிட்டது. அந்தச் சத்தம் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த ஒட்டுகிற டப்பா. அந்த டப்பாவுக்குள் நான் கீரனூர்க்காரர் சளியைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறேன்.

பதறும்போது மனிதன் செய்கிற காரியங்களுக்கு ஒரு வரிசை கிடையாது. வயரைப் பிடுங்கினேன். செருகினேன். திரும்பப் பிடுங்கினேன். செருகுகிற துளையில் வாயை வைத்து ஊதினேன், ஆட்டு முடி உதட்டில் ஒட்டியது. பிறகு தலைகீழாகப் பிடித்து உதறினேன். உதறினால் என்ன விழும் என்று எதிர்பார்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடைசியில், போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் வைப்பார்களே, அது ஞாபகத்துக்கு வந்தது. மேலே வீட்டுக்கு ஓடி, கருவியை அரிசி டிரம்மில் கை முழங்கை வரை விட்டுப் புதைத்தேன்.

மனைவி பார்த்துவிட்டாள்.

“என்னத்தைப் புதைக்கிறீக?”

“பாட்டு அழிஞ்சுபோச்சு. அரிசி உறிஞ்சி எடுத்திரும்.”

“அரிசி தண்ணியத்தானே உறிஞ்சும்? தோடியுமா உறிஞ்சும்?” என்றாள். பிறகுதான் நான் சொன்னது அவள் மண்டையில் ஏறியது. “அழிஞ்சுபோச்சா? ஏங்க, என் தம்பிகிட்ட என்ன சொல்லப்போறீக?”

மாடி அறையில் அவன் நாயனத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. “செத்த நேரம் பொறு, பாயைப் பார்த்துட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

தோல் கோடவுனுக்குள் முதல்தடவை போகிறவர்கள் வாசலிலேயே வாந்தி எடுப்பார்கள். உப்பு போட்ட பச்சைத் தோல் அடுக்கடுக்காக இருக்கும். அதன் நடுவில் பலகையைப் போட்டு உட்கார்ந்து பாய் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஈ மொய்ப்பது தெரியும். பாய்க்குத் தெரியாது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததைச் சொன்னேன்.

“மூக்கை விட்டுட்டுச் சொல்லு பங்காளி, ஒண்ணும் வெளங்கல.”

விட்டுவிட்டுச் சொன்னேன். எலும்பைக் கடித்தபடி முழுக்கக் கேட்டார்.

“அழிக்கவான்னு கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“நீ சரின்னியா?”

“சொன்னேன்.”

“அப்ப அது என்ன பண்ணும்? வேணாம் மாமு, யோசிச்சுச் சொல்லுன்னு உன் கையைப் புடிச்சுக் கெஞ்சுமா?”

“பாய், அவன் பல்லு இல்லாமப் போச்சு பாய். திரும்ப வாசிக்கச் சொல்ல முடியாது.”

“பழைய பல்லு எங்க இருக்கு?”

“டிவி பக்கத்துல.”

“அதை வாயில சொருகி வாசிக்கச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். கையைக் கழுவினார். “இங்க பாரு. அந்த சாஃப்ட்வேரை நான் போட்டதோட சரி, பழகினது என் மகன். அவன் சென்னையில கெடக்கான். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன், நீ இங்க உக்காந்து ஈ ஓட்டுறதுக்கு அங்க போய் அவன்கிட்ட நேராச் சொல்லிரு. சுத்தி வளைக்காத. உன்னைத் திட்டட்டும், ரெண்டு அடி அடிக்கட்டும். தப்பில்ல.”

திரும்பி வரும் வழி முழுக்கச் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். “மாப்ளே, உன் சத்தம் போனதுக்கு ரெண்டு பேர் காரணம், ஒருத்தர் பல் டாக்டர்.” சரியில்லை. “மாப்ளே, சங்கீதம்ங்கிறது மனசுக்குள்ள இருக்கு.” இதைச் சொன்னால் அடித்தாலும் அடிப்பான். என் சட்டையில் தோல் நாற்றம் ஏறியிருந்தது. என்னை எனக்கே பிடிக்கவில்லை. ஒரு மனிதன் தன் தொழிலை இனிமேல் செய்யலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணக் காத்திருக்கிறான். நான் அந்த அளவுகோலை, தேய்ந்துவிடும் தேய்ந்துவிடும் என்று பொத்திப் பொத்தி வைத்து, கடைசியில் ஒரே அமுக்கில் ஒழித்துக்கட்டிவிட்டேன். கேட்டுத் தேய்த்திருந்தால்கூட அவன் காதிலாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

மாடி ஏறினேன். மச்சினன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் கருவி. ரப்பர் பாகில் அரிசி மணிகள் ஒட்டி, பல் முளைத்த மாதிரி இருந்தது. இரண்டு காதிலும் இயர்போன். கண்ணை மூடியிருந்தான். மதியச் சோற்றுக்கு அரிசி அள்ளும்போது கையில் சிக்கியது என்றும், அவனே வாங்கிக்கொண்டான் என்றும் மனைவி கண்ணாலேயே சொன்னாள்.

கீரனூர்க்காரர் சளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். முகமும் அப்படித்தான் சுளித்திருந்தது.

“மாப்ளே, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு...”

கையைக் காட்டி நிறுத்தினான். விரல் தொடையில் தாளம் போட்டது. சளிக்கு யாரும் தாளம் போடுவதில்லை.

“அது எப்படிடா அதுல இருக்கு?”

“எது? மொதல்ல யாரோ இருமிக்கிட்டு மோட்டாரைக் கேட்டாக. அப்புறம் மைக் படம் போட்டு ஒண்ணு தனியா இருந்துச்சு. நீங்க அன்னைக்கு அமுக்குன அதே படம்னு அமுக்குனேன், வந்துச்சு.”

அவன் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன். அந்த நிலையிலும் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: “எத்தனை தடவடா கேட்ட?”

அவன் ஒரு காதிலிருந்து குமிழைக் கழற்றி என்னிடம் நீட்டினான். பாயின் குறும்பிக்கு மேல் இப்போது இவனுடையதும் சேர்ந்திருந்தது. சந்தோஷத்தில் அதையும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன்.

தோடிதான். ஆனால் தோடிக்கு அடியில் இன்னொன்று ஓடியது. புஸ்ஸ் என்று காற்று ஒழுகுகிற சத்தம். ஆடுகிற பல்லின் இடுக்கில் எச்சில் கொப்புளிக்கிற சத்தம். மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் சுருதி ஒரு மயிரிழை இறங்கி, வலியில் அவன் மூக்கால் முனகிவிட்டுத் திரும்பப் பிடிக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலே, மைக்குக்கு வெகு அருகில், ஒரு எருமை எதையோ நறநறவென்று மென்று விழுங்கி, ஒரு ஏப்பமும் விட்டது. அது நான். அன்றைக்குத் தின்ற முறுக்கு.

பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

“இதுவா மச்சான் என் சத்தம்? இதைத்தானா ஊர் ஊரா வாசிச்சிருக்கேன்?”

“கண்ணை மூடிக் கேட்டப்ப நல்லாத்தான்டா இருந்துச்சு.”

“எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. உள்ள கேட்டது வேற, வெளிய வந்தது வேற போல. ஒரு பய சொல்லலியே. எம்புட்டு பேர் முன்னாடி...” என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டான். அழுகிறானோ என்று பார்த்தேன். பல்செட்டைச் சரிசெய்தான். நாயனத்தை எடுத்து, சீவாளியை நனைத்து, அதே தோடியைக் கொஞ்சம் ஊதினான். மெலிந்த சத்தம்தான். பழைய கனம் இல்லை. ஆனால் ஒழுகவில்லை, இறங்கவில்லை, முனகவில்லை. எனக்கே வித்தியாசம் தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாயனத்தை மடியில் வைத்தான். “அக்கா” என்று கூப்பிட்டான். “எரியோட்டுக்காரகளுக்கு வாரேன்னு சொல்லிவிடு.” பிறகு என் பக்கம் திரும்பி, கருவியை நீட்டினான். “இதை அழிச்சிருங்க மச்சான்.”

“ஏலே, நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“ஒரு ஆள் காதுலயும் விழக்கூடாது. அழிங்க.”

நடந்தது இவ்வளவுதான். மைக்கில் பதிந்தவை அந்தக் கருவியில் தனி இடத்தில் இருக்கும். கம்ப்யூட்டரில் இருந்த மென்பொருள் அந்தப் பக்கமே போகவில்லை. அது அழித்தது பாயின் பழைய பாட்டுகளை மட்டும். தோடியை நான் அழித்தேன், மச்சினன் சொல்லி, அவன் பார்க்கவே. அவன் எரியோட்டுக் காதுகுத்துக்குப் பல்செட்டோடு போய் வாசித்துவிட்டு வந்தான்.